சங்கு ஊதாத பதினோரு நிமிடங்கள்

பிப்ரவரி 6

அன்புள்ள வாத்தியாரம்மாவுக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நலம். அண்ணியும் பிள்ளைகளும் நலம். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? போன வாரம் தொலைபேசியில் கேட்டால், "காலுக்கென்ன, அது பாட்டுக்கு வலிச்சுக்கிட்டு நல்லாத்தான் இருக்கு" என்கிறாள்.

நீ தொலைபேசியை எடுப்பதில்லை. எடுத்தாலும் "அம்மாகிட்ட குடுக்கறேன்" என்று நகர்ந்துவிடுகிறாய். மூன்று வருடமாக இதே கதை. அதனால்தான் கையால் எழுதுகிறேன். கடிதத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டு நகர முடியாது, பார்.

விஷயத்துக்கு வருகிறேன். அதிபர் தினமும் காலையில் பொதுமக்கள் கடிதம் பத்துப் படிப்பார் என்பது உனக்குத் தெரியும். அதைக் கிண்டல் செய்து உன் பத்திரிகையில் ஒரு பத்தியே எழுதியிருக்கிறாய். பத்தையும் பொறுக்கி எடுத்து அனுப்புவது என் அறைதான். ஆனால் வியாழக்கிழமைகளில் நான் அனுப்பாத ஒன்றையும் படிப்பார். அது உன் பத்தி. படித்துவிட்டு நாலாக மடித்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிடுவார். எதுவும் சொல்லமாட்டார்.

போன வியாழன் சொன்னார். "நான் வேற என்ன செஞ்சிருந்தா உன் தங்கச்சி என்னை ஆதரிச்சிருப்பாங்க?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. மருத்துவரிடம் கேட்பதுபோலக் கேட்டார்.

மே மாதம் தேர்தல். உன் ஆதரவு வெறும் ஒரு ஓட்டு இல்லை. படித்தவர்களில் பாதிப் பேர் வியாழக்கிழமை உன்னைப் படித்துவிட்டுத்தான் ஒரு முடிவுக்கு வருகிறார்கள். மீதிப் பேர் படித்ததுபோலப் பேசுகிறார்கள். எதிரே நிற்கிறவர் எப்படிப்பட்டவர் என்று என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். அவர் வந்தால் உன் பத்திரிகை இருக்காது.

ஒரே ஒரு கடிதம் எழுது. பத்திரிகைக்கு வேண்டாம், எனக்கு. அவர் என்ன செய்திருக்கலாம் என்று உள்ளபடியே எழுது. திட்டி எழுதினாலும் சரி. உன் எழுத்தில் திட்டு வாங்குவது எனக்குப் புதிதா என்ன.

அன்புடன்,
உன் அண்ணன்

---

பிப்ரவரி 14

அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. முதல் பத்தியை மட்டும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "அவ்வளவுதானா? ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கானே" என்று தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். மீதி அலுவலக விஷயம் என்றேன். "உங்க ரெண்டு பேருக்கும் அலுவலகம் ஒண்ணுதானா?" என்று கேட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். முழங்காலுக்குப் புது மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். வலி குறைந்திருக்கிறது, ஒப்புக்கொள்ளத்தான் மாட்டேன் என்கிறாள்.

உன் அதிபரின் கேள்வி தவறான கேள்வி. ஐந்து வருடத்துக்கு முன் நான் அவருக்குத்தான் ஓட்டுப் போட்டேன். இரண்டே முக்கால் மணி நேரம் மழையில் வரிசையில் நின்று போட்டேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடம்கூட. அவருக்கு என் ஆதரவு இல்லாமல் இருந்ததே இல்லை. இருந்ததை அவர் தொலைத்தார்.

எழுதச் சொல்கிறாய். எழுதலாம். ஆனால் எனக்குப் பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டிகள் நினைவுக்கு வருகின்றன. ஏழாம் வகுப்பிலிருந்து நீ பேசிய எல்லாப் பேச்சும் நான் எழுதியது. எனக்கு மேடை ஏறினால் தொண்டை அடைத்துக்கொள்ளும். உனக்கோ எழுத உட்கார்ந்தால் தூக்கம் வரும். நீ எனக்கு வாத்தியாரம்மா என்று பெயர் வைத்ததும் அப்போதுதான். நல்ல கூட்டணி. கோப்பைகள் எல்லாம் உன் வீட்டு அலமாரியில் இருக்கின்றன, நான் ஆட்சேபிக்கவில்லை. மாவட்டப் போட்டியில் நான் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்த "இங்கே நிறுத்தி மூச்சு விடு" என்பதையும் சேர்த்து உரக்கப் படித்தாயே, ஞாபகம் இருக்கிறதா? அரங்கமே சிரித்தது. அப்படியும் இரண்டாம் பரிசு கொடுத்தார்கள், குரலுக்காக.

நான் எழுதுவதை நீ வாசித்துப் பார்ப்பதில்லை அண்ணா. அப்படியே எடுத்துக்கொள்கிறாய். அதனால் ஒரு நிபந்தனை. நான் எழுதுவது உன் கையை விட்டுப் போகக்கூடாது. அவரிடம் சாரத்தை உன் வாயால் சொல். தாளைக் காட்டாதே. இதற்குச் சம்மதம் என்றால் எழுதுகிறேன்.

தங்கை

---

பிப்ரவரி 19

அன்புள்ள வாத்தியாரம்மாவுக்கு,

சம்மதம். தாள் என் மேசை இழுப்பறையைத் தாண்டாது. அம்மா மேல் ஆணை.

மூச்சு விடுகிற கதையை அண்ணியிடம் சொன்னேன். பிள்ளைகளும் கேட்டுவிட்டார்கள். இப்போது நான் சாப்பாட்டு மேசையில் வாயைத் திறந்தாலே சின்னவன் "அப்பா, இங்கே நிறுத்தி மூச்சு விடு" என்கிறான். உன் புண்ணியம்.

எழுது. காத்திருக்கிறேன்.

அண்ணன்

---

மார்ச் 2

அண்ணாவுக்கு,

அணையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும். உங்கள் மாளிகையில் அந்த வார்த்தையையே யாரும் சொல்வதில்லையாம். ஆகவே தொடக்கத்திலிருந்து எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததுதான், பொறுத்துக்கொள்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை. அணைக்குக் கீழே உள்ள ஊரில் விளையாட்டரங்கத் திறப்பு. அதிபர் பேசுகிறார், வானொலியில் நேரடி ஒலிபரப்பு. மலையில் மழை. மூன்றரைக்கு மதகு திறந்தே ஆக வேண்டும். அதற்குப் பத்து நிமிடம் முன்பு, மூன்று இருபதுக்கு, அபாயச் சங்கு ஊத வேண்டும். சங்கு கேட்டால் ஆற்றுக்குள் இருப்பவர்கள் கரை ஏறுவார்கள். நாற்பது வருடமாக அப்படித்தான்.

அதிபரின் உரை மூன்று இருபதுக்குள் முடிந்திருக்க வேண்டியது. முடியவில்லை. மூன்று பத்தொன்பதுக்குச் சங்கு அறைக்கு ஒரு தொலைபேசி வந்தது. உரை முடியட்டும், பத்து நிமிடம் ஊத வேண்டாம் என்று. சங்குக்காரர் பொறுத்தார். மதகு அறைக்கு யாரும் சொல்லவில்லை. அவர்கள் சரியாக மூன்றரைக்குத் திறந்துவிட்டார்கள். மூன்று முப்பத்தொன்றுக்கு, ஜன்னல் வழியாகத் தண்ணீரைப் பார்த்துவிட்டுச் சங்குக்காரர் தானாகவே ஊதினார். பதினோரு நிமிடம் தாமதம். ஆற்றங்கரைச் சலவைத் துறையில் விடுதிப் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக்கொண்டிருந்தவர்கள் பத்தொன்பது பேர் போய்விட்டார்கள். விரிப்புகள் மறுநாள் நாலு மைலுக்கு அப்பால் மரக்கிளைகளில் தொங்கின. நானே போய்ப் பார்த்தேன்.

இனி அவர் என்ன செய்திருக்கலாம்.

ஆறாம் நாள் வந்தார். சேற்றில் கால் படாமல் இருக்கப் பாய் விரித்திருந்தார்கள். வராமலே இருந்திருக்கலாம், முதல் நாளே லாரிகளை அனுப்பியிருக்கலாம். லாரிகளும் ஆறாம் நாள்தான் வந்தன, அந்தப் பாய்களை ஏற்றிக்கொண்டு.

"பாதிக்கப்பட்டோர்" என்று பேசினார். செத்துப்போனவர்கள் எப்படிப் பாதிக்கப்படுவார்கள்? பத்தொன்பது பெயர்களைப் படித்திருக்கலாம். நான் கடிகாரத்தை வைத்துப் படித்துப் பார்த்தேன். நாற்பத்தெட்டு வினாடி ஆகிறது. அவருடைய உரை அன்று நாற்பது நிமிடத்தைத் தாண்டியது. இத்துடன் பெயர்ப் பட்டியல் வைத்திருக்கிறேன், நீயே படித்துப் பார். கடைசியில் இருப்பவளைத் துறையில் எல்லாரும் 'பட்டன்' என்றுதான் கூப்பிடுவார்கள், தலையணை உறைகளுக்குப் பொத்தான் தைக்கிறவள். அரசாங்கப் பட்டியலில் வேறு பெயர் இருக்கும். ஓரத்தில் 'சரிபார்க்கவும்' என்று குறித்திருக்கிறேன்.

விசாரணை அறிக்கையை வெளியிட்டிருக்கலாம். அது இரண்டு வருடமாக யாரோ ஒருவருடைய பீரோவில் இருக்கிறது.

இவை எல்லாம் சின்ன விஷயங்கள். இவற்றை நான் மன்னித்திருப்பேன். பெரியது ஒன்றுதான்.

சங்குக்காரருக்கு ஏழு வருடச் சிறை. கவனக்குறைவாம். தொலைபேசி வந்ததைப் பதிவேட்டில் எழுதினேன் என்றார். அந்தப் பக்கத்தை மட்டும் காணவில்லை. சொன்ன வார்த்தை நினைவிருக்கிறதா என்று கேட்டார்கள். "'பத்து நிமிடம் பொறுத்தருள வேண்டும்'னு சொன்னாங்க" என்றார். நீதிமன்றம் சிரித்தது. அரசு வழக்கறிஞர், "யாருய்யா ஃபோன்ல இப்படிப் பேசுவாங்க? கதை விடறதையாவது ஒழுங்கா விடு" என்றார். சங்குக்காரர் மனைவி எங்கள் பத்திரிகை அலுவலகத்தின் மாடிப்படிக்குக் கீழே தையல் இயந்திரம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். தினமும் அவரைத் தாண்டித்தான் நான் மாடி ஏறுகிறேன்.

அன்று மாலையே அதிபர் அந்தத் தொலைபேசியைச் செய்தது யார் என்று விசாரித்து, அந்த ஆளின் பெயரைச் சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். "என் குரல் கேட்க வேண்டும் என்பதற்காக ஒரு சங்கு ஊதவில்லை, இது என் குற்றம்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லிவிட்டுச் சங்குக்காரரை வேலைக்குத் திருப்பி அனுப்பியிருக்கலாம். இதைச் செய்திருந்தால் ஆயுசு முழுக்க அவருக்காக எழுதியிருப்பேன். இவ்வளவுதான் விலை. அவருக்கு அதிகமாகப் பட்டிருக்கிறது.

இன்றைக்குச் செய்தாலும் எழுதுவேன். இதை நீ அவரிடம் சொல்லலாம்.

தங்கை

---

மார்ச் 11

அன்புள்ள வாத்தியாரம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். நான் வாசித்துப் பார்ப்பதில்லை என்று இனிமேல் சொல்லாதே.

அவரிடம் சொன்னேன். நல்லது நடக்கும் என்று நினைக்கிறேன். அந்தத் தொலைபேசி விஷயத்தை மட்டும் கொஞ்சம் விடு. அது நீ நினைப்பதுபோல எளிதானது இல்லை. மூன்று வருடம் கழித்து யார் எந்தக் கருவியை எடுத்தார்கள் என்று தோண்டி என்ன ஆகப்போகிறது?

பெரியவளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. நீ படித்த அதே துறை. அத்தை மாதிரி ஆகாமல் இருந்தால் சரி என்று அண்ணி சொல்கிறாள். அத்தை மாதிரி ஆனால் நல்லதுதான் என்றேன்.

அம்மாவுக்கு மருந்துகளைத் தனியாகப் பொட்டலம் கட்டி அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்

---

மார்ச் 29

அண்ணாவுக்கு,

வானொலியை அம்மாதான் வைத்தாள். நான் சமையலறையில் இருந்தேன். ஆற்றங்கரையிலிருந்து நேரடி ஒலிபரப்பு என்றார்கள். பாய் விரிக்கவில்லையாம், சேற்றிலேயே நின்றாராம். அறிவிப்பாளர் அதை மூன்று முறை சொன்னார்.

பிறகு அவர் பேசினார். "என் குரல் கேட்க வேண்டும் என்பதற்காக அன்று ஒரு சங்கு ஊதவில்லை. அது என் குற்றம்." கூட்டம் அழுகிற சத்தம் கேட்டது. நான் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அம்மா திரும்பிப் பார்த்து, "ஏன்டி, இது நீ எழுதின மாதிரி இல்ல இருக்கு?" என்றாள்.

"எப்படிம்மா சொல்றே?"

"சின்னப் பிள்ளையிலேருந்து கேக்கறேனே. நீ எழுதினா இப்படித்தான், கடைசியில வந்து குத்தும். ரெண்டு பேரும் திரும்ப ஒண்ணா சேந்துட்டீங்களா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

சந்தோஷமாகக் கேட்டாள் அண்ணா.

அப்புறம் பெயர்களைப் படித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. கடைசியில் 'பட்டன்' என்றார். பத்தொன்பது பேரில் ஒருத்தியை மட்டும் வேலைப் பெயரால், நாடு முழுக்கக் கேட்க. 'சரிபார்க்கவும்' என்று எழுதியிருந்தேனே. அவர் 'சரிபார்க்கவும்' என்பதையும் சேர்த்துப் படிக்கவில்லை என்பதற்கு நான் நன்றி சொல்ல வேண்டுமோ என்னவோ.

மறுநாள் படியேறும்போது சங்குக்காரர் மனைவி இயந்திரத்தை நிறுத்தினார். "அந்தப் பொண்ணைப் பட்டன்னு கூப்பிடறது துறையில இருந்தவங்களுக்கு மட்டும்தாம்மா தெரியும். நான் உங்ககிட்டதான் சொன்னேன். நீங்கதான் எழுதிக் குடுத்தீங்களா?" என்று கேட்டார். குரலை உயர்த்தவே இல்லை. "அப்ப என் வீட்டுக்காரரைப் பத்தி ஏன் எழுதிக் குடுக்கலை?"

எழுதிக் கொடுத்தேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? எழுதியதில் அழ வைக்கிற பகுதியை எடுத்துக்கொண்டு, கதவைத் திறக்கிற பகுதியை விட்டுவிட்டார்கள் என்று எப்படிச் சொல்வது? அறிக்கை பீரோவில்தான் இருக்கிறது. சங்குக்காரர் சிறையில்தான் இருக்கிறார். தொலைபேசி செய்தவர் யார் என்று ஒரு வார்த்தை இல்லை. குற்றத்தை எல்லாம் அதிபரே ஏற்றுக்கொண்டுவிட்டார். அதற்காக அவர் ஒரு நாள்கூட எங்கும் உட்கார வேண்டியதில்லை. உள்ளே உட்கார ஏற்கெனவே ஒரு ஆள் இருக்கிறார்.

எங்கள் ஆசிரியர் கூப்பிட்டு, "இனிமே உனக்கு என்னம்மா வேணும்? நீ கேட்டதெல்லாம் செஞ்சுட்டாரே. இந்த வியாழன் நாலு நல்ல வார்த்தை எழுது" என்றார். எழுதவில்லை. அந்த இடத்தில் மருந்து விளம்பரம் போட்டார்கள்.

அம்மா மேல் ஆணை என்று எழுதியிருந்தாய். அந்த அம்மாதான் கண்டுபிடித்தாள்.

உன்னிடம் ஒரே கேள்வி. தாளை அவரிடம் கொடுத்தாய், சரி. அதில் ஒரு பகுதியை மட்டும் வெட்டியது யார்? அவரா, நீயா?

தங்கை

---

ஏப்ரல் 4

வாத்தியாரம்மாவுக்கு,

வெட்டியது நான்.

அவரிடம் தாளைக் கொடுக்கவில்லை. சொன்னபடி இழுப்பறையில்தான் இருந்தது. ஆனால் உரை எழுத உட்கார்ந்தபோது வேறு எந்த வாக்கியமும் வரவில்லை. உன்னுடையதுதான் திரும்பத் திரும்ப வந்தது. இருபது வருடமாக நான் எழுதுகிறேன், பெரிய எழுத்தில், மூச்சுக்கு ஒரு வரியாக, அவர் தலை தாழக்கூடாது என்று தாளின் கீழ்ப்பகுதியை வெறுமையாக விட்டு. அத்தனையும் நீ பன்னிரண்டு வயதில் எனக்கு எழுதித் தந்தது மாதிரியே எழுதப் பார்ப்பதுதான். இது உனக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். இல்லை, தெரியும்.

மற்றதை ஏன் வெட்டினேன் என்று கேட்கிறாய். சொல்கிறேன். படித்துவிட்டு எரித்துவிடு.

தொலைபேசி செய்தது நான்.

அன்று நான் எழுதிய உரை சரியாக மூன்று பதினெட்டுக்கு முடிய வேண்டியது. அவர் நடுவில் தாளை மடித்து வைத்துவிட்டுத் தன் அம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அந்த அம்மாவும் துணி துவைத்தவர்தான். கூட்டம் அசையாமல் கேட்டது. பக்கத்தில் இருந்த பொறியாளர் கடிகாரத்தைப் பார்த்து, "இப்ப சங்கு ஊதுவாங்க சார்" என்றார். அந்த இடத்தில் சங்கு ஊதினால் எல்லாம் போய்விடும் என்று நினைத்தேன். மேடைக்குப் பின்னால் இருந்த தொலைபேசியை எடுத்தேன். பத்து நிமிடம் பொறுத்தருள வேண்டும் என்று சொன்னேன். ஆமாம், அப்படியேதான் சொன்னேன். நான் அப்படித்தான் பேசுவேன் என்று உனக்குத் தெரியும். மதகு அறைக்கும் சொல்லச் சொல்லிப் பொறியாளரிடம் சொன்னேன். அல்லது சொன்னேன் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். நிஜமாகத் தெரியவில்லை.

திரும்பி வரும்போது காரில் நானும் அவரும்தான். செய்தி வந்துவிட்டது. "யார் ஃபோன் பண்ணது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரொம்ப தூரம் வந்தபிறகு, "உனக்கு ரெண்டு பிள்ளைங்க. வயசான அம்மா. நான் கேக்கலை, நீயும் சொல்லலை" என்றார். அவ்வளவுதான். பதிவேட்டுப் பக்கத்தை யார் கிழித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை.

அவர் வேறு என்ன செய்திருந்தால் உன் ஆதரவு கிடைத்திருக்கும்? என்னைக் கொடுத்திருந்தால் கிடைத்திருக்கும். அவர் கொடுக்கவில்லை. மூன்று வருடமாக வியாழக்கிழமை தோறும் உன் பத்தியைப் படித்துவிட்டு என்னைப் பார்ப்பார். ஒரு வார்த்தை சொன்னதில்லை. இரண்டு மாதத்துக்கு முன் அந்தக் கேள்வியைக் கேட்டபோதுகூட அவருக்குப் பதில் தெரியும். எனக்கும் தெரியும். உனக்கு மட்டும் தெரியாது. நீ அவரைத் திட்டியது எல்லாம் உன் அண்ணனைக் காப்பாற்றியதற்காக.

இப்போது கேள். ஜூன் மாதம், பதவியேற்கும் அன்று, சங்குக்காரருக்குப் பொது மன்னிப்பு. அதிபரே என்னிடம் சொல்லியிருக்கிறார். இன்னும் இரண்டே மாதம். அதுவரை தொலைபேசியைப் பற்றி எழுதாதே. எழுதினால் நான் உள்ளே போவேன், அவர் தோற்பார், மற்றவர் வருவார், அந்த ஆள் யாரையும் மன்னிக்கிற ரகம் இல்லை. யாருக்கு என்ன லாபம்?

உன் முன்னால் கைகூப்பி எழுதுகிறேன். பெரியவள் படிப்பு இப்போதுதான் தொடங்குகிறது. அம்மாவுக்கு எழுபத்தெட்டு.

உன் அண்ணன்

---

ஏப்ரல் 12

அண்ணாவுக்கு,

எட்டு நாள் எடுத்துக்கொண்டேன்.

எனக்கு மட்டும் தெரியாது என்று எழுதியிருந்தாய். முதலில் அதைத் திருத்துகிறேன். நீதிமன்றத்தில் நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சங்குக்காரர் "பொறுத்தருள வேண்டும்" என்றபோது எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. தொலைபேசியில் அப்படிப் பேசுகிற ஒரே ஒரு ஆளை எனக்குத் தெரியும். தப்பாக வந்த அழைப்புக்குக்கூட "பொறுத்தருள வேண்டும், இது வேறு எண்" என்று சொல்கிறவன். அன்றைக்கே நான் எழுந்து நின்றிருக்கலாம். வீட்டுக்கு வந்து உன்னைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் நீ சொல்லிவிடுவாய் என்று பயம். அதற்குப் பதிலாக, நீ கூப்பிட்டபோதெல்லாம் அம்மாவிடம் கொடுத்துவிட்டு நகர்ந்தேன். வியாழன் தோறும் அதிபரைத் திட்டினேன். அவரைத் திட்டுவது எவ்வளவோ சுலபமாக இருந்தது.

அவர் காரில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் மூன்று வருடமாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். இந்த வியாழன் பத்தியில் அதைத்தான் எழுதியிருக்கிறேன், என்னைப் பற்றி மட்டும். ஆசிரியர் படித்துவிட்டு, "இதைப் போட்டா உன்னை யாரும்மா இனிமே நம்புவாங்க?" என்று கேட்டார். நம்ப வேண்டாம் என்றேன். போடுவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவே கடைசிப் பத்தி.

பொது மன்னிப்பைப் பற்றி நான் முடிவு செய்யக்கூடாது என்று தோன்றியது. படிக்குக் கீழே போய் உட்கார்ந்தேன். சங்குக்காரர் மனைவி யாரோ ஒருவருடைய ஜன்னல் திரைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். உன் பெயரைச் சொல்லாமல், ஜூன் மாதம் மன்னிப்பு கிடைக்கும், பேசாமல் இருந்தால், என்று சொன்னேன். ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"மன்னிப்பா? எதுக்கு?"

"அவர் வெளியில வந்துடுவாருங்க."

"வெளியில வந்து? துறையில பத்தொன்பது வீடு இருக்கும்மா. ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் அவரை மன்னிச்சு விட்டாங்கன்னு சொல்லிக்கிட்டுப் போகணுமா? அவர் என்ன பண்ணாரு, மன்னிக்க?" நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "இன்னும் நாலு வருஷம்கூட இருந்துட்டு வரட்டும். ஆனா ஃபோன் வந்துச்சுன்னு ஒருத்தராவது சொல்லணும். அவருக்கே இப்பல்லாம் சந்தேகம் வந்துடுச்சு. போன மாசம் பாக்கப் போனப்ப, 'நிஜமாவே ஃபோன் வந்துச்சா, நானா நினைச்சுக்கிட்டேனா?'ன்னு என்னையே கேக்கறாரு."

அப்போதுதான் உன் கடிதத்தை எடுத்தேன். அந்த ஒரு பத்தியை மட்டும் படித்தேன். "பொறுத்தருள வேண்டும்" என்ற இடம் வந்ததும் இயந்திரத்தின் சக்கரத்தின் மேல் கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். அது ஏற்கெனவே நின்றுதான் இருந்தது.

யார் எழுதியது என்று கேட்டார். என் அண்ணன் என்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். "உங்களுக்கு வேற அண்ணன் இருக்காங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பாவம்" என்றார். உன்னைச் சொன்னாரா என்னைச் சொன்னாரா, தெரியவில்லை.

நீ எரிக்கச் சொன்ன கடிதம் ஒட்டிய உறையில் சங்குக்காரருடைய வழக்கறிஞரிடம் இருக்கிறது. பத்தொன்பதாம் தேதி, திங்கள்கிழமை காலை பத்து மணிக்கு மறுவிசாரணை மனு போடுகிறார்கள். என் கடிதத்தை நீ என்னைக் கேட்காமல் எடுத்துக்கொண்டாய். உன்னுடையதை நான் எடுத்துக்கொள்கிறேன், ஆனால் உன்னிடம் சொல்லிவிட்டு. திங்கள்கிழமைக்கு முன் நீயே போய்ச் சொன்னால் வழக்கறிஞர் உறையைப் பிரிக்க மாட்டார், திருப்பித் தந்துவிடுவார். எழுதி வாங்கியிருக்கிறேன். இது என்னால் முடிந்தது. இதற்கு மேல் ஒன்றும் இல்லை.

எதிரே நிற்கிறவர் வந்துவிடுவார் என்கிறாய். வரலாம். அவர் வந்த பிறகு உன் அதிபரின் நாட்களை நினைத்து நான் ஏங்கவும் ஏங்கலாம். யாருக்கு என்ன லாபம் என்று கேட்டாய்; கணக்கு எனக்கும் வரவில்லை. சிறையில் ஒரு மனிதர் தன் காதையே சந்தேகப்படுகிறார். எனக்கு இப்போதைக்கு அது மட்டும்தான் தெரிகிறது.

உன் அதிபர் கேட்ட கேள்விக்குப் பதில் பாக்கி இருக்கிறது. அவரிடம் சொல். காரில் யார் ஃபோன் பண்ணது என்று கேட்டாரே, அதுவரைக்கும் சரியாகத்தான் செய்தார். நீயும் உண்மையைச் சொன்னாய். அந்த நிமிடத்தில் நீங்கள் இரண்டு பேருமே நல்லவர்களாகத்தான் இருந்திருக்கிறீர்கள். அவர் டிரைவரிடம் வண்டியைத் திருப்பச் சொல்லியிருக்கலாம். உன்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு அந்தக் கரையிலேயே சொல்லியிருக்கலாம். நீ சிறைக்குப் போயிருப்பாய். நான் மாதம் ஒரு முறை வந்து பார்த்திருப்பேன். சங்குக்காரர் மனைவி போவதுபோலவே, பழமும் துண்டும் வாங்கிக்கொண்டு. அம்மா அழுதிருப்பாள். ஆனால் இந்நேரம் நீ வெளியில் வந்திருப்பாய் அண்ணா. உண்மையைத் தானாகச் சொன்னவனுக்கு மூன்று வருடத்துக்கு மேல் கொடுத்திருக்க மாட்டார்கள். அவர் உன்னைக் காப்பாற்றவில்லை. அந்தக் காரை விட்டு உன்னை இறங்கவே விடவில்லை.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. மருந்துப் பொட்டலம் வந்தது. இரவுக்கானதில் ஒரு மாத்திரை குறைகிறது, கடையில் வாங்கிக்கொண்டேன்.

பெரியவளைத் திங்கள்கிழமை பல்கலைக்கழகத்துக்கு அனுப்பாதே. பத்திரிகைக்காரர்கள் வாசலில் நிற்பார்கள். எனக்கு அந்தக் கூட்டத்தைத் தெரியும்.

நீ போய்ச் சொல்வதாக இருந்தால், என்ன சொல்வது என்று என்னிடம் எழுதிக் கேட்காதே. ஓரத்தில் குறிப்பு எதுவும் எழுதித் தர மாட்டேன். எங்கே நிறுத்தி எங்கே மூச்சு விடுவது என்று இந்த ஒரு முறை நீயே பார்த்துக்கொள்.

தங்கை